தவறு கண்டவர் நேரில் வரவும்

காஜா பேராங், மலாக்கா
11-1-1959, ஞாயிறு

லிப்பிஸ் மலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்ட பொன்னுதுரை மச்சானுக்கு, உங்க தங்கை ருக்மணியைக் கட்டி, அவளோடு உங்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்ட கலியாணசுந்தரம் எழுதுவது.

நானேதான் எழுதுறேன். ரெண்டாம் வகுப்புப் படிப்பு இவ்வளவுதான் தாங்கும். ஆபீசில் எழுதுற கிராணி உத்தியோகப் பழக்கத்தில் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பிடாதீங்க.

நீங்க போய் ஆறு வாரம் ஆச்சு. நான் உஜோங் பாசிருக்குத் துணி கொடுக்கப் போன நேரமாப் பார்த்து டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டீங்க. மாற்றல் அவங்க கொடுத்ததில்லை, நீங்க கேட்டு வாங்கினதுன்னு உங்க ஆபீஸ் பியூன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்க சம்சாரம் தவறிப்போனதுக்கப்புறம் ஒன்பது வருஷம் நீங்க படுத்த முன்னறைக் கட்டிலில் இப்ப வெளுத்த துணி மூட்டை படுத்திருக்கு. அதுவும் உங்களை மாதிரிதான். நான் என்ன சொன்னாலும் பதில் பேசாது.

நோட்டு விஷயமாத்தான் எழுதுறேன். குடியுரிமைக்கு மலாய்ப் பரீட்சை வச்சப்ப, பரீட்சை எடுக்கிற அதிகாரி துவான் கேட்கிற கேள்வியையும் சொல்ல வேண்டிய பதிலையும் தமிழ் எழுத்தில் எழுதி, நம்ம தோபிக் கடை ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்டீங்களே, அது இன்னும் தொங்குது. முதல் பக்கத்தில் நீங்க எழுதினது எனக்கு மனப்பாடம். ‘இதை யார் வேண்டுமானாலும் பார்த்து எழுதிக்கொள்ளலாம். எழுதிக்கொண்டவர் கடைசிப் பக்கத்தில் பெயர் போடவும். தவறு கண்டவர் நேரில் வந்து சொல்லவும்.’

இப்ப வந்து சொல்றாங்க மச்சான். உங்ககிட்ட இல்லை, என்கிட்ட.

செவ்வாய்க்கிழமை உஜோங் பாசிர் லாரிக்காரர் சேதுபதி வந்தாரு. “தோபி அண்ணே, உங்க மாமனார் பேரு சங்கரலிங்கமா?”ன்னாரு. ஆமான்னேன். “துவான் அப்பா பேரு கேட்டாரு. நானும் சங்கரலிங்கம்னு சொல்லிட்டேன்”ங்கிறாரு. உங்க அப்பா பேரு என்னங்கன்னு கேட்டேன். “மாயாண்டி.” அவரை எங்கே விட்டீங்க? “அவரு நோட்டுல இல்லையே அண்ணே. நான் மூச்சு விடாம ஒப்பிச்சேன். நிறுத்தினா மறந்துடும்.”

அவரு மட்டுமில்லை. ‘ஊர் எது’ன்னு கேட்டா எல்லாரும் முக்கூடல். ‘எங்கே குடியிருக்கிறாய்’னு கேட்டா எல்லாரும் ‘என் தங்கை வீட்டில்’. காஜா பேராங் ஜனம் முழுக்க நம்ம வீட்டிலதான் குடியிருக்குன்னு அந்த ஆபீசில் பதிவாயிருக்கும். நீங்க உங்க பதிலை எழுதி வச்சீங்க, ஊரு அதை அப்படியே எழுதிக்கிச்சு. நீங்க மட்டும் பாஸ். அந்த நோட்டு உங்க ஒருத்தருக்குத் தச்ச சட்டை.

ருக்மணி கதை உங்களுக்குத் தெரியும். ‘காலையில் என்ன செய்வாய்’னு துவான் கேட்டதுக்கு, ‘எழுந்து முகம் மழித்து, சைக்கிளில் ஆபீசுக்குப் போவேன்’னு உங்க பதிலைச் சொல்லிட்டு வந்தா. அங்கே இருந்த எல்லாரும் சிரிச்சாங்களாம். அன்னிக்கு சாயங்காலம் கடை வாசலில் பத்துப் பேர் நடுவில், “மச்சான், உங்க சவரக் கத்தியைத் தங்கச்சிக்கும் கொடுங்க”ன்னு நான் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு நல்லா இருந்துச்சு. நீங்க எழுந்து உள்ளே போனதைக் கவனிக்கலை. அவ அதுக்கு முன்னாலேயே உள்ளே போயிருந்தா.

ஜூலை மாசம் மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. போகமாட்டேங்கிறா. நான் மலாக்காவில் பொறந்தவன், நம்ம மக ஜெயாவும் இங்கே பொறந்தவ, நீங்க பாஸ் பண்ணிட்டீங்க. நம்ம வீட்டில் காகிதம் இல்லாதவ அவ ஒருத்திதான். “நான் பாட்டுக்கு இப்படியே இருந்துட்டுப் போறேன்”ங்கிறா. இருக்கிறது சரி மச்சான். நாளைக்கு ஒருத்தன் வந்து போன்னு சொன்னா?

நோட்டை என்ன செய்யணும்னு ஒரு வரி எழுதுங்க. நாளை மறுநாள் போகி. பக்கத்து வீட்டு மீனாச்சி வீட்டில் முன்னோருக்குப் படையல் போடுறாங்க. உங்க பங்குப் பலகாரத்தை நானே சாப்பிட்டுடுறேன், கவலை வேண்டாம்.

கலியாணசுந்தரம்


கோலா லிப்பிஸ்
2-2-1959

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நோட்டை அடுப்பில் போட்டுவிடவும். இஸ்திரிப் பெட்டிக்குக் கரி மிச்சமாகும்.

அதை நான் எனக்காக எழுதினேன். பரீட்சையை நினைத்து மூன்று மாதம் எனக்குத் தூக்கமில்லை, அதனால் எழுதினேன். என் வேலை முடிந்தது. பிறருக்கும் உதவட்டும் என்று ஆணியில் மாட்டினேன். எவரையும் அழைத்து எழுதிக்கொள்ளச் சொன்னதில்லை. ஒரு காசு வாங்கியதில்லை. தன் தகப்பனார் பெயர் எது, என் தகப்பனார் பெயர் எது என்று பிரித்தறியாதவருக்கு நான் என்ன செய்ய முடியும்?

இரண்டு வருடம் ஒவ்வொரு ஞாயிறும் அதைத் திருத்தினேன். அப்போது எவரும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை. பிழை வந்ததும் பத்துப் பேர் கூடிச் சிரித்தார்கள். சிரிப்பைத் தொடங்கி வைத்தவர் யார் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இனி அந்த நோட்டுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை.

ருக்மணியின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கே காலையில் பனி இறங்குகிறது. நான்காம் பக்கம் தையல் விட்டிருந்தது. கிழிந்துவிட்டதா?

பொன்னுதுரை


காஜா பேராங்
22-2-1959

மச்சானுக்கு,

சம்பந்தமில்லாதவருக்கு நாலாம் பக்கத்து மேலே என்ன அக்கறை? கிழியலை. ருக்மணி ஊசி நூல் எடுத்துத் தச்சு வச்சிருக்கா. யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கா.

நோட்டை எரிக்கலை. நானே பார்த்துக்கலாம்னு இறங்கிட்டேன். சிரிக்காதீங்க, அது என் வேலை. எனக்கு மலாய் பேச வரும், எழுத்துதான் தகராறு. உங்களுக்கு எழுத்து வரும், மனுஷங்கதான் தகராறு. சரியாப் போச்சு.

ஆனா உங்க நோட்டு எனக்கு லேசில் பிடிபடலை. சில வரிக்குப் பக்கத்தில் சின்ன வட்டம் போட்டிருக்கீங்க, அது என்ன? ஏழாம் பக்கத்திலிருந்து ஒரு அம்புக்குறி கிளம்பி ஓரமாவே நடந்து எங்கேயும் போய்ச் சேராம நிற்குது. பதினாலாம் கேள்விக்கு அடுத்து பதினாறு. பதினஞ்சு எங்கே போச்சு? ஒரு வாரமா தேடுறேன். சலவைக்கு வந்த துணி காணாமப் போனாக்கூட நான் இப்படித் தேடினதில்லை.

கடைசிப் பக்கத்தில் அறுபத்து மூணு பேரு இருக்கு. அதைப் பார்த்து எழுதினவங்களைப் பார்த்து எழுதினவங்க எத்தனையோ. நான் இங்கே ஒரு வரியைத் திருத்தினா அவங்க வீட்டு நோட்டு எப்படித் திருந்தும்? யோசிச்சுப் பார்த்து ஒரு வழி கண்டுபிடிச்சேன். திருத்தத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, அவங்க அவங்க சட்டையை இஸ்திரி போட்டு மடிக்கிறப்ப பையில் வச்சு அனுப்பிட்டேன். ‘அப்பா பேரு சங்கரலிங்கம் இல்லை. உங்க அப்பா பேரைப் போடுங்க.’ முப்பது சட்டை போச்சு.

அடுத்த வாரம் அதில் பதினொண்ணு அழுக்குக்குத் திரும்பி வந்துச்சு. பையைப் பார்க்காமலே கொடுத்துட்டாங்க, நானும் பார்க்காமலே தண்ணியில் போட்டுட்டேன். நான் உங்க பவுண்டன் பேனா மையில் எழுதியிருந்தேன். குத்தகைக்காரர் நடராஜன் வெள்ளைச் சட்டை நெஞ்சில் நீலமா உங்க அப்பா நிக்கிறாரு. தோபிக்காரன் கையால மை கொட்டினா எந்த முகத்தை வச்சுக்கிட்டு அவர்கிட்டப் போறது? மூணு தடவை சுண்ணாம்பு போட்டு வெளுத்தேன். மாமனார் போகமாட்டேங்கிறாரு.

இப்ப பென்சில். அப்புறம் இன்னொண்ணு. யாருடைய நோட்டு திருத்தினது, யாருடையது பழசுன்னு தெரியணுமில்லையா? சலவைக் குறி போட ஆரம்பிச்சிருக்கேன். ஒரு திருத்தத்துக்கு ஒரு புள்ளி, ரெண்டுக்கு ரெண்டு, மூணாவதுக்கு ஒரு கோடு, அட்டை மூலையில். துணியில் போடுற அதே மாதிரி. எனக்கு ஒருத்தர் முகம் மறந்தாலும் குறி மறக்காது.

ராத்திரி வரைக்கும் உழைக்கிற ஆளில்லை நான், தெரியும் உங்களுக்கு. மத்தியானம் துணி காயுற நேரத்தில் பார்க்கிறேன். பார்க்கிறப்ப பழசெல்லாம் வருது. பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரத் தேதி சொன்ன அன்னிக்கு நீங்க போட்டுக்கிட்டுப் போன சட்டைக்கு ரெண்டு தடவை கஞ்சி போட்டேன், ஞாபகமிருக்கா? கழுத்தைத் திருப்ப முடியாம, தேதி சொன்னவரைப் பார்க்காம முன்னால நின்னவன் முதுகையே பார்த்துட்டு வந்தீங்க. அப்புறம் அடுத்த வருஷம் ஞாயிறு தவறாம இஸ்திரி மேசை ஓரத்தில் அரை முழம் இடம் பிடிச்சு எழுதுவீங்க. உங்க முழங்கை என் துணியில் படக்கூடாது, என் கரி உங்க நோட்டில் படக்கூடாது. அந்த அரை முழம் இடம் இப்ப சும்மா கிடக்குது மச்சான். அதில் துணி வைக்க மனசு வரலை.

பதினஞ்சு எங்கே?

கலியாணசுந்தரம்


கோலா லிப்பிஸ்
15-3-1959

மாப்பிள்ளை அவர்களுக்கு,

மையை என்ன செய்தீர்கள்? சுண்ணாம்பு போட்டால் நீலம் இன்னும் இறுகும். எலுமிச்சையும் உப்பும் தடவி வெயிலில் வைக்கவும். இருபது வருடம் துணி வெளுப்பவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேட்டவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். சிறு வட்டம் போட்ட கேள்விகள் கட்டாயம் கேட்கப்படுபவை. வட்டமில்லாதவை சில சமயம். ஏழாம் பக்கத்து அம்பு பதினொன்றாம் பக்கத்துக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு தாளைப் பிறகு செருகினேன், அதனால் வழி தவறியது. அடியில் கோடு போட்டவை ஆளுக்கு ஆள் மாற வேண்டிய சொற்கள். பெயர், ஊர், தகப்பனார், தொழில். அது எனக்குத் தெரியும். எழுதிக்கொண்டவர்களுக்குத் தெரியாது என்பது நீங்கள் எழுதிய பிறகே எனக்கு உறைத்தது. கோடு எதற்கு என்று ஓர் இடத்திலும் நான் எழுதி வைக்கவில்லை. அவர்கள் கோட்டையும் சேர்த்தே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

பதினைந்தாம் கேள்வி மனைவியைப் பற்றியது. பெயர் என்ன, எங்கே இருக்கிறார். அதற்குக் கீழே பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். நல்லவேளை, அந்தத் துவானும் என்னிடம் கேட்கவில்லை.

பதில்கள் எல்லாவற்றையும் அழித்துவிடும் யோசனை உங்களுக்கு வரும். செய்யாதீர்கள். பயந்துபோய் வருகிறவனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். வெறும் கேள்வியை மட்டும் கொடுத்தால் பயம் இரண்டு பங்காகும்.

கீழே நான் நினைவிலிருந்து கண்ட பிழைகள் பதினொன்றை எழுதியிருக்கிறேன். நோட்டில் ஏற்றவும். சலவைக் குறி நல்ல யோசனை. இதை நான் சொன்னதாக யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ருக்மணி என்ன சொல்கிறாள்?

பொன்னுதுரை


காஜா பேராங்
12-4-1959

மச்சானுக்கு,

எலுமிச்சையில் மாமனார் போயிட்டாரு. நடராஜன் சட்டையைப் போட்டுக்கிட்டு துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் போறதைப் பார்த்தேன். நன்றி.

பதினஞ்சைப் பற்றி ஒண்ணும் சொல்லலை. எனக்கும் சில இடத்தில் வாயை மூடத் தெரியும். கேள்வியை மட்டும் எழுதிச் சேர்த்துட்டேன். பெண்டாட்டி பேரைக் கேட்டதும் வாயடைச்சு நின்னுட்டு வந்தவங்க ஆறு பேரு இருக்காங்க. பாவம், அவங்களுக்குப் பெண்டாட்டி இருக்கு, நோட்டில்தான் இல்லை.

நீங்க செய்யாதீங்கன்னு எழுதினதுக்கு முந்தின நாளே நான் செஞ்சுட்டேன். பதிலையெல்லாம் ரப்பர் வச்சுத் தேய்ச்சேன். பேனாவில் எழுதின இடத்தைப் பிளேடால சுரண்டினேன். ஒரு பக்கம் ஓட்டையாயிடுச்சு. நீங்க சொன்ன மாதிரியே ஆச்சு. ரொட்டிக்காரர் ஜெயபாலன் வந்து வெறும் கேள்வியைப் பார்த்துட்டு, “அண்ணே, இதை நான் என்னன்னு மனப்பாடம் பண்றது? இதுக்கு நான் துவான்கிட்டயே நேராப் போயிருப்பேனே”ன்னு நோட்டைத் திருப்பி ஆணியில் மாட்டிட்டுப் போனாரு. சைக்கிள் மணியைக்கூட அடிக்காம போனாரு.

மறுநாள் அவரைக் கூப்பிட்டு உட்கார வச்சேன். மீனாச்சியை அழைச்சு வந்து ஸ்டூலில் துவானா உட்கார வச்சேன். அவங்க சிட்டி வீட்டுப் பொம்பளை, அந்தக் காலத்திலேயே மலாக்காவில் குடியேறி மலாயே வீட்டு மொழியாப் போன நம்ம ஜனம், கோயிலுக்கு நமக்கு முன்னால போய் நிற்கும், தமிழ் ஒரு வரி பேச வராது. நோட்டைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கி, நெற்றியைச் சுருக்கிக்கிட்டு, நான் வாய்மொழியாச் சொல்லிக்கொடுத்த கேள்வியை மலாயில் கேட்குது. வரிசையாக் கேட்கலை. ஒண்ணாம் கேள்வி, அப்புறம் பன்னெண்டு, அப்புறம் தன் இஷ்டத்துக்கு. ஜெயபாலனுக்கு வேர்த்துக் கொட்டுது.

அப்ப உள்ளே சமையல் கட்டிலிருந்து ஒரு குரல், மலாயில். “அவனை ரொட்டியைப் பற்றிக் கேளு மீனாச்சி. இன்னிக்கு எத்தனை வித்தான், எத்தனை வழியில் தின்னான்னு கேளு.”

மீனாச்சி கேட்டுச்சு. ஜெயபாலன் மடமடன்னு சொல்றாரு, எந்தத் தெருவில் எத்தனை, யாரு நேற்றுப் பழசைத் திருப்பிக் கொடுத்தா, எல்லாம் மலாயில். பாசார் சந்தையில் தினம் பேசுற மலாய் மச்சான். நோட்டைக் கையில் எடுத்ததும் மறந்து போயிருக்கு.

அந்தக் குரல் ருக்மணி குரல். மீனாச்சியும் அவளும் வேலிக்கு ரெண்டு பக்கமும் நின்னு பதினஞ்சு வருஷமாப் பேசுறாங்க. என்ன மொழியில் பேசுறாங்கன்னு நான் ஒரு நாளும் யோசிச்சதில்லை. நீங்களும் யோசிச்சதில்லை. முந்தியெல்லாம் இப்படி ஒரு இடம் கிடைச்சா நான் விடுவேனா? வாய் வரைக்கும் ஒரு பேச்சு வந்துச்சு. முழுங்கிட்டேன். இஸ்திரிப் பெட்டியைத் தூக்காம அப்படியே நின்னதில் ஒரு வேட்டியில் பழுப்புத் தடம் விழுந்துடுச்சு.

இப்ப முறை இதுதான். கேள்வியும் கீழே காலி இடமும். வர்றவங்க உட்கார்ந்து அவங்க பதிலை முதல்ல தமிழில் சொல்லணும். மீனாச்சிக்கு நான் என் கடை மலாயில் சொல்வேன், அது சரளமான மலாயில் திருப்பிச் சொல்லும், அவங்க நோட்டில் அவங்க கையால அவங்களே எழுதிக்கணும். பயந்தவங்களுக்குப் பிடிச்சுக்க அது போதும்போலிருக்கு. சேதுபதி நோட்டில் மாயாண்டி வந்துட்டாரு. குறி போட்டாச்சு.

சவரக் கத்திப் பேச்சு தப்பு மச்சான். உங்களைப் பார்த்துச் சிரிச்சது ஒரு தப்பு, அவ உள்ளே இருக்கான்னு மறந்தது பெரிய தப்பு. அவகிட்டயும் சொல்லிட்டேன். “இட்லி ஆறிப்போவுது, பசியாறுங்க”ன்னா. அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியலை, நாலு இட்லி வச்சா.

ஜூலைக்குப் போவாளான்னு கேட்கப் பயமா இருக்கு.

கலியாணசுந்தரம்


கோலா லிப்பிஸ்
10-5-1959

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மன்னிப்பு நான்கு எழுத்துப் பிழைகளோடு வந்து சேர்ந்தது. பிழைகளைத் திருத்தவில்லை. அப்படியே வைத்துக்கொண்டேன்.

எனக்கும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் பகடிக்குக் கோபித்துக்கொண்டு போனதாக எல்லோரும் நினைக்கட்டும் என்று இருந்துவிட்டேன். அது பாதிதான். போன வருடம் இரண்டு மாதம், தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் ருக்மணியை உட்கார வைத்து ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்தவன் நான். ‘முகம் மழித்து’ என்று அவள் சொல்லும்போது உச்சரிப்பைத் திருத்தினேன். சரியாக வரும்வரை ஏழு முறை சொல்ல வைத்தேன். அந்த வரி அவளுக்குப் பொருந்துமா என்று ஒரு நொடி நினைக்கவில்லை. அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவளும் கேட்கவில்லை. அவள் அந்த ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிய விதத்தைப் பார்த்த பிறகு அந்த வீட்டில் என்னால் சோறு சாப்பிட முடியவில்லை.

இதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

நேற்று இங்கே மளிகைக் கடைக்காரர் ஒருவர் குடியுரிமைக்கு நோட்டு ஒன்று வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். முக்கூடல், சங்கரலிங்கம், எல்லாம் அப்படியே இருந்தன. என் நோட்டு எனக்கு முன்பே லிப்பிஸுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. உட்கார்ந்து அவருக்குத் திருத்திக் கொடுத்தேன். மூலையில் நீங்கள் எழுதியபடி குறி போட்டேன்.

பொன்னுதுரை


காஜா பேராங்
26-7-1959

மச்சானுக்கு,

சொல்ல வேண்டாம்னு எழுதின கடிதத்தை மேசை மேலே வச்சுட்டுத் துணி கொடுக்கப் போனேன். வேணும்னே வச்சேன். திரும்பி வந்தா கடிதம் வேற மாதிரி மடிச்சிருக்கு. மறுநாள் ருக்மணி மீனாச்சிகிட்ட வேலியில் நின்னு, “ஜூலையில் நான் போறேன், நீ கூட வா”ன்னு சொன்னதை நான் காதால் கேட்டேன். என்கிட்டச் சொல்லலை. எனக்கு வாய் நீளம்னு அவளுக்குத் தெரியும்.

புதன்கிழமை போனா. நான் கடையைப் பூட்டிட்டு மரத்தடியில் நின்னேன். அந்த ஆபீசில் போன தடவை இருந்த அதே துவான். உள்ளே நடந்ததை மீனாச்சி ஒரு விதமாச் சொல்லுது, இவ ஒரு விதமாச் சொல்றா. ரெண்டையும் சேர்த்து எழுதுறேன்.

துவான் தாளைப் பார்த்துட்டு இவளைப் பார்த்தாராம். ஞாபகம் வந்துடுச்சுன்னு இவளுக்குப் புரிஞ்சு போச்சு. மரியாதையா, சிரிக்காம, அதே கேள்வியைக் கேட்டாராம். காலையில் என்ன செய்வீங்க?

இவ முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டாளாம். அப்புறம் மலாயில், “அஞ்சு மணிக்கு எழுந்து இஸ்திரிப் பெட்டிக்குக் கரி பற்ற வைப்பேன். என் புருஷன் ஆறு மணிக்கு எழுந்து பேச ஆரம்பிப்பார். கரி அணைஞ்சாலும் அவர் அணையமாட்டார்”னு சொல்லியிருக்கா. துவான் சிரிச்சாராம். இந்தத் தடவை இவளும் சேர்ந்து சிரிச்சாளாம். அந்தச் சிரிப்பு வெளியில் மரத்தடி வரைக்கும் கேட்டுச்சு. என்னைப் பற்றின சிரிப்புன்னு அப்ப எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்.

அப்புறம், கூடப் பிறந்தவங்க யாருன்னு கேட்டாராம். “ஒரு அண்ணன். லிப்பிஸில் இருக்கார்.” அங்கே என்ன வேலை? “கிராணி. எழுதுற வேலை. ஊருக்கெல்லாம் பிழை திருத்துவார். வீட்டுக்கு வரமாட்டார்.” ஏன்னு துவான் கேட்டாராம். இது நோட்டில் இல்லாத கேள்வி மச்சான். இவ, “வெட்கம்”னு சொன்னாளாம். மலாயில் ஒரே வார்த்தை. துவான் தாளில் கையெழுத்துப் போட்டுட்டாராம்.

பாஸ்.

வெளியே வந்து செருப்பை மாட்டினா. மீனாச்சி அழுதுச்சு. பஸ்ஸுக்குப் போகலாமான்னு கேட்டேன். நடக்கலாம்னா. பண்டார் ஹிலிர் திடல் ஓரமா மூணு பேரும் நடந்தோம். “இங்கேதானே அண்ணன் கழுத்தைத் திருப்ப முடியாம நின்னாரு?”ன்னா. ஆமான்னேன். கஞ்சிச் சட்டை கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அன்னிக்கு அவ சொல்லி நான் கேட்டேன்.

இப்ப கணக்குக்கு வர்றேன். நோட்டில் உங்க பதில் எல்லாம் போச்சு. அன்னிக்குச் சுரண்டினதில் ஒண்ணு மட்டும் தப்பி நிற்குது. ஒன்பதாம் கேள்வி, ‘எங்கே குடியிருக்கிறாய்?’ கீழே உங்க கையெழுத்தில், ‘என் தங்கை வீட்டில்.’ பிளேடை எடுத்துக்கிட்டு உட்கார்ந்தேன். ருக்மணி வந்து பிளேடைப் பிடுங்கிட்டா. “இது மட்டும் இருக்கட்டும்”னா. தப்பான பதில்டி, ஊரெல்லாம் மறுபடி நம்ம வீட்டுக்குக் குடி வந்துடும்னேன். “வந்தா வரட்டும்”னா.

கடைசியா ஒண்ணு. மார்ச் மாசம் நீங்க பதினொரு பிழை எழுதி அனுப்பினீங்க. அதில் ஒண்ணைக்கூட நான் இன்னும் நோட்டில் ஏத்தலை. முதல் பக்கத்து விதி அப்படி. தவறு கண்டவர் நேரில் வந்து சொல்லவும். சேதுபதி உஜோங் பாசிரிலிருந்து வந்தாரு, ஜெயபாலன் வந்தாரு, எழுத்துத் தெரியாத மீனாச்சி தினம் வருது. தபாலில் சொல்லலாம்னு எங்கேயும் எழுதலை. விதியை எழுதினவர் நீங்க, நான் வெறும் தோபிக்காரன், எனக்கு மாத்த அதிகாரமில்லை.

கலியாணசுந்தரம்


கோலா லிப்பிஸ்
9-8-1959

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். ருக்மணி சொன்ன மலாய்ச் சொல் சரியான சொல்தான். திருத்த வேண்டியதில்லை.

பதினொரு பிழைகளையும் இப்போது பார்த்தால் ஏழுதான் பிழை. நான்கு நான் தவறாக நினைத்தவை. பன்னிரண்டாவதாக வேறொன்று கண்டிருக்கிறேன். ஒன்பதாம் கேள்வியின் பதில். எழுதியபோது அது சரியாக இருந்தது. போன நவம்பர் கடைசியிலிருந்து எழுதியவனுக்கே பொருந்தவில்லை. நோட்டைத் திருத்த வேண்டும், அல்லது என்னைத் திருத்த வேண்டும்.

மாற்றலுக்கு மறுபடி மனு கொடுத்திருக்கிறேன். ஒரு வருடத்துக்குள் இரண்டு முறை கேட்கிறாயே என்று மேலதிகாரி கேட்டார். முதல் முறை தவறுதலாகக் கேட்டுவிட்டேன் என்றேன். எப்போது கிடைக்குமோ தெரியாது. அதற்கு முன் சுதந்திர தின விடுமுறைக்கு வருகிறேன். கெமாஸ் வரை ரயில், அங்கிருந்து மாறி தம்பின், பிறகு பஸ். 29-ஆம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் கடைக்கு வந்துவிடுவேன். விதிப்படி நேரில் சொல்கிறேன்.

அதுவரை ஒன்பதை அழிக்க வேண்டாம். அரை முழம் இடத்தில் துணி வைக்க வேண்டாம்.

கட்டிலிலிருந்து அந்த மூட்டையை இறக்கி வைக்கவும்.

பொன்னுதுரை